முகூர்த்த நாளில் ஒரு மறியல்

புடவை ஒரு சாக்குதான். அக்கா மகளுக்குக் கல்யாணம், காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்து வருகிறேன் என்று நான் சொன்னதும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மலேசியாவில் நம் கிள்ளான் கடைகளிலேயே காஞ்சிப் பட்டு குவிந்து கிடக்கிறதே, இதற்கு ஒரு விமானமா என்று கேட்டவர் என் கணவர் ஒருவர்தான். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்: "தவமணிக்குப் பரீட்சைங்க." அவரே பரணிலிருந்து பெட்டியை இறக்கிக் கொடுத்தார்.

தவமணியை அதுவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நவீன உலக அரசியல் வரலாறு படிக்கச் சேர்ந்தேன். எல்லாம் ஆங்கிலம், மலாய். இதையே தமிழில் படிக்கிறவர்கள் உலகத்தில் யாராவது உண்டா என்று இணையத்தில் துழாவியபோது சிக்கியவள் தவமணி. ஊர் காஞ்சிபுரத்துக்குப் பக்கம், முசரவாக்கத்தைத் தாண்டி ஒரு சின்ன கிராமம். விவசாயக் குடும்பம், பஞ்சாயத்தில் வார்டு மெம்பர், அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்து இப்போது எம்.ஏ. இரண்டு வருஷமாகத் தொலைபேசியில் சேர்ந்து படித்தோம்.

படித்தோம் என்பதைவிடச் சண்டை போட்டோம் என்று சொல்லலாம். ஐ.நா. பாதுகாப்பு சபையில் ஐந்து நாடுகளுக்கு மட்டும் வீட்டோ அதிகாரம் என்று நான் வாசித்துக் காட்டினால், "இன்னாக்கா இது? எங்க ஏரி மதகு சாவி கணக்கா இருக்குது! அஞ்சு வூட்டுல சாவி. ஒருத்தன் தரலன்னா எவன் கழனிக்கும் தண்ணி இல்ல" என்பாள். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனிமேல் போட்ட நஷ்ட ஈட்டைப் பற்றிப் படித்த அன்று அவளுக்குக் கோபம் தாங்கவில்லை. தோற்றவனை அவ்வளவு மொத்தினால் அவன் சும்மா இருப்பானா என்று என்னைப் பிடித்துத் திட்டினாள். நான்தான் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதுபோல.

இவ்வளவு விவரமானவள் இந்த உலக வரலாற்றுத் தாள் ஒன்றில் மட்டும் இரண்டு முறை தோற்றிருந்தாள். காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்து கேள்வி எழுத வேண்டும். அவளோ மேடையில் மைக் பிடித்தவள் மாதிரி முதல் கேள்வியை விடவே மாட்டாள். மூன்றாவது கேள்வியில் இருக்கும்போது மணி அடித்துவிடும். இந்த முறை தவறினால் பதிவுக் காலம் முடிந்து, மொத்தப் படிப்பும் வீண்.

"எலெக்ஷன்ல எம் பேர செவுத்துல எழுதும்போது பக்கத்துல எம்.ஏ.ன்னு எழுதணும்க்கா. பத்தாவதோட நின்னவன்னு எத்தினி பேரு எங்கிட்டயே சொல்லிக் காட்டிக்கினு இருக்கிறானுங்க தெரியுமா" என்றாள் ஒரு நாள். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. அன்றைக்கே நான் டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டேன்.

சென்னை விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்தவர் தவமணியின் கணவர் ஏழுமலை. காரை எதிர்பார்த்த எனக்குக் கிடைத்தது அவர் காய்கறி ஏற்றும் குட்டி யானை. அந்தச் சின்ன சரக்கு வண்டிக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர்.

"கோச்சிக்காதீங்கமா. முகூர்த்த நேரம். ஊர்ல இருக்கிற காரெல்லாம் கல்யாணத்துக்குப் போயிடுச்சி," என்றார். வண்டி முழுக்க வெங்காய வாசனை. எனக்கென்ன, முன் இருக்கை, நல்ல காற்று, ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

அந்த ராஜயோகம் வாலாஜாபாத் வருவதற்குள் பஞ்சர் ஆனது. மாற்றுச் சக்கரத்தை இறக்கினால் அதிலும் காற்று இல்லை. ஏழுமலை சக்கரத்தை உருட்டிக்கொண்டு போக, நான் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் தே தாரிக் என்றால் பெரிய குவளை நிறைய நுரையோடு வரும். இங்கே கொடுத்த கண்ணாடி டம்ளர், மருந்து அளக்கிற அளவு. ஆனால் அந்த இஞ்சிக் காரம் இருக்கிறதே, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டாவது கேட்டேன். பக்கத்து பெஞ்சில் ஒருவர் இன்னொருவரிடம், வெளிநாட்டிலிருந்து வந்தும் வெங்காய வண்டியில் போகிறார்களே, அங்கே தொழில் ரொம்ப மந்தமாக இருக்கும்போல என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தார்.

தவமணி நான் நினைத்ததில் பாதி உயரம்தான் இருந்தாள். குரல் மட்டும் தொலைபேசியில் கேட்டதைப்போல இரண்டு மடங்கு. "அக்கா!" என்று அவள் ஓடி வந்து கட்டிக்கொண்டதில் என் மூக்குக்கண்ணாடி வளைந்துவிட்டது. நான் அழுதேன். அவளும் அழுதாள். பிறகு நாட்டுக்கோழிக் குழம்பு ஊற்றிச் சோற்றை மலையாகக் குவித்து, நான் வாய் நிறைய வைத்திருந்த நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, ஒரு சின்ன சிக்கல். வியாழக்கெழம காலைல சாலை மறியல் வெச்சிருக்கேன்."

அவர்கள் ஊர் நிறுத்தத்தில் பேருந்துகள் நிற்பதில்லை. கல்லூரிக்குப் போகிற பெண்களும் வேலைக்குப் போகிற பெண்களும் அடுத்த ஊருக்கு நடக்கிறார்கள். மனு கொடுத்துப் பார்த்து அலுத்து, மெம்பர் தலைமையில் மறியல் என்று சுவரொட்டி ஒட்டி, காவல் நிலையத்துக்கும் தெரிவித்தாகிவிட்டது. அப்போது பரீட்சை திங்கட்கிழமையில் இருந்தது. பிறகு பல்கலைக்கழகம் அதை வியாழக்கிழமைக்குத் தள்ளிவிட்டது.

"மறியலைத் தள்ளி வையேன்!" என்று கத்தினேன்.

"தேதிய மாத்தினா, மெம்பரு வெல போயிட்டான்னு பேசுவாங்கக்கா. நாப்பது பொம்பளைங்க எம் பேச்ச நம்பி வராங்க. நான் இல்லாம எப்பிடி?"

ஏழுமலை எனக்கு இங்கத்திய முறையை விளக்கினார். மறியல் என்றால் காலையில் உட்காருவார்கள். அதிகாரி வந்து பேசுவார். பேச்சு முடியாவிட்டால் போலீஸ் எல்லாரையும் கைது செய்து வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைக்கும். மத்தியானம் சாம்பார் சாதம் போடும். சாயந்திரம் விட்டுவிடும். யாருக்கும் மனக்கசப்பு கிடையாது.

"ஏழு மணிக்கு ஒக்காந்தா எட்டு மணிக்கு அரெஸ்ட் பண்ணிடுவாங்க. மண்டபத்துல இருந்து பரீட்சை நடக்கிற காலேஜு பக்கம்தான். இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிட்டு நான் போய் பரீட்சை எழுதிட்டு வந்து திரும்ப அரெஸ்ட்டுல ஒக்காந்துக்குவேன்," என்றாள் தவமணி. நான் படித்த எந்த நாட்டு ராஜதந்திரத்திலும் இப்படி ஒரு திட்டத்தைப் பார்த்ததில்லை. கோழி தொண்டையில் சிக்கி இருமினேன்.

மறுநாள் காலையில் பசியாறச் சின்ன காஞ்சிபுரத்துக்குப் போனோம். கோயில் இட்லி என்று ஒன்று கொடுத்தார்கள். மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் போட்டு இலையில் வேகவைத்தது. இட்லி என்றால் மல்லிகைப்பூ மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இந்தக் கனம் முதலில் பயமாக இருந்தது. இரண்டாவது துண்டில் பயம் தெளிந்தது. நாலாவது துண்டில் தவமணி தட்டை நகர்த்தி வைத்து, "போதும்க்கா, புடவைக்கடையில தூங்கிடுவ" என்றாள்.

புடவைக்கடையில் தூங்கவெல்லாம் இடமில்லை. முகூர்த்தக் கூட்டம். ஒரு பாயில் மூன்று கல்யாணக் குடும்பங்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். அரக்கில் பச்சைக் கரை, மாம்பழ மஞ்சளில் நீலக் கரை என்று எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கரையும் உடலும் தனித்தனியாக நெய்து கோத்த கோர்வைப் புடவைதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கடைக்காரர் தன் தம்பியிடம் தெலுங்கில், இந்தம்மா எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு வெறும் பையோடுதான் போகப்போகிறார் என்றார். எங்கள் பக்கத்து வீடு தெலுங்குக் குடும்பம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? வாங்காமல் போகமாட்டேன், முதலில் அந்த மேல் அடுக்கில் இருப்பதை இறக்குங்கள் என்று தெலுங்கிலேயே சொன்னேன். கடையே சிரித்தது. அவர் வெட்கத்தோடு இறக்கிய அந்த மயில்கழுத்து நிறப் புடவையைத்தான் எடுத்தேன்.

சாயந்திரம் பயிற்சி. ஒவ்வொரு கேள்விக்கும் நேரம் வைத்து, கைப்பேசி மணி அடித்ததும் பேனாவைப் பிடுங்குவதுதான் என் வேலை. ஐ.நா.வுக்கு முன்பு இருந்த பன்னாட்டுச் சங்கம் ஏன் தோற்றது என்று கேள்வி கொடுத்தேன். மணி அடித்தது, பிடுங்கினேன். "இன்னும் இத்தாலிக்கே வரலக்கா!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தாலி நாசமாகப் போகட்டும், அடுத்த கேள்வி என்றேன். கியூபா ஏவுகணை நெருக்கடியில் இரண்டு வல்லரசுகளும் பின்வாங்கியது ஏன்?

"பயந்துக்கினு இல்லக்கா," என்றாள் பேனாவைக் கடித்தபடி. "ரெண்டு பேருக்கும் தோத்தாப்புல தெரியாம எழுந்திரிக்க ஒரு வழி கெடச்சிது. இவன் அங்கருந்து எடுத்தான், அவன் வேற எடத்துல சத்தமில்லாம எடுத்தான்."

"அதை எழுது, பேசாதே!" என்று அதட்டினேன். பேசியே நேரத்தைத் தின்றுவிட்டாள். ஐந்துக்கு மூன்றரைதான் தேறியது. கைப்பேசியில் மறுபடி நேரம் வைத்தேன்.

வியாழக்கிழமை காலை, தார்ச்சாலையில் பழைய கோணிகளை விரித்து நாற்பது பெண்கள் உட்கார்ந்தார்கள். நடுவில் தவமணி. அவளுடைய நுழைவுச் சீட்டும் பேனாக்களும் என் கைப்பையில். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரி என்பதால் நான் ஓரத்தில் புளியமரத்தடியில் நின்றுகொண்டேன். பரீட்சை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, பத்தரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். ஏழுமலை வண்டியைத் தயாராகத் திருப்பி நிறுத்தியிருந்தார்.

எட்டு மணிக்கு லாரிகளும் பேருந்துகளும் கண்ணுக்கு எட்டிய தூரம் நின்றன. போலீசைத்தான் காணோம். அந்த நேரம் பூமாலை சுற்றிய ஒரு வேன் ஒலிப்பானை அடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றது. உள்ளே பட்டு வேட்டியில் மாப்பிள்ளை, முகமெல்லாம் வியர்வை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கன்னியம்மா எழுந்தாள். நிலக்கடலை வியாபாரம் செய்கிறவள், கூட்டத்திலேயே பெரிய வாய் அவளுக்குத்தான். "ஏய், வழி உடுங்கடி. தாலி கட்டப் போற புள்ள," என்றாள். கோணிகள் சுருண்டன. வேன் போனது. கோணிகள் மறுபடி விரிந்தன. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு கல்யாண வேன்கள் வந்தன. அவற்றுக்கும் அதே மரியாதை.

இன்ஸ்பெக்டர் வந்தபோது ஒன்பது ஆகப்போகிறது. வண்டியை விட்டு இறங்கும்போதே தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"மெம்பரம்மா, இன்னிக்குப் போயா மறியல் வெப்பீங்க? பெரிய முகூர்த்தம். டவுன்ல ஒரு மண்டபம் காலி இல்ல. உங்கள அரெஸ்ட் பண்ணி நான் எங்க வெக்கிறது?"

தவமணியின் முகத்தைப் பார்த்தேன். அந்த ஒரு விஷயத்தை அவளும் யோசிக்கவில்லை, நாற்பது பேரில் யாருமே யோசிக்கவில்லை. முந்தின நாள் முழுக்க முகூர்த்தக் கூட்டத்தில் முழங்கால் இடிபட்ட நானும் யோசிக்கவில்லை.

"அப்போ தாசில்தார வரச் சொல்லுங்க சார், பேசுறோம்."

"அவரு மச்சினிச்சி கல்யாணத்துல இருக்காரும்மா. தாலி கட்டி முடிச்சாதான் வருவாரு. நீங்க இப்போ எழுந்துக்கினு நாளைக்கு ஒக்காருங்களேன்."

"ஒண்ணுமே இல்லாம எழுந்து போவறதுக்கா கோணி எடுத்துக்கினு வந்தோம்?" என்று கன்னியம்மா கேட்க, கூட்டம் கோஷம் போட ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டர் நாலு அடி பின்னால் போய் நின்றார். லாரிக்காரர்கள் ஒலிப்பானை அழுத்தினார்கள். பேச ஆளில்லை, கைது செய்ய இடமில்லை, சும்மா எழுந்தால் மானம் போகும். நேரம் ஒன்பதரையைத் தாண்டியது. நான் பாஸ்போர்ட்டையாவது ஒன்றையாவது என்று கூட்டத்துக்குள் புகுந்து தவமணியின் பக்கத்தில் குந்தினேன். "எழுந்து வா! ஏழுமலை வண்டி நிற்கிறது. இவங்களுக்குப் புரியும்," என்றேன்.

"புரியும்க்கா. எனக்குத்தான் மூஞ்சி இருக்காது," என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவளை இரண்டு அறை கொடுக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

சட்டென்று அவள் எழுந்து நின்றாள். "சார், இங்க வாங்க! பரீட்சை நடக்கிற காலேஜுல கீழ ஒரு கலையரங்கம் இருக்குது. இன்னிக்கு பூட்டிதான் இருக்கும். அங்க அரெஸ்ட் பண்ணி வெய்ங்க."

"பரீட்சை நடக்கிற எடத்துலயா?"

"உங்களுக்கு ரோடு காலியாவுது. எங்களுக்கு அரெஸ்ட் ஆவுது, நான் மேல போய் பரீட்சையும் எழுதிக்குவேன். தாலி கட்டு முடிஞ்சதும் தாசில்தாரு அங்க வந்து பேசட்டும். ரெண்டு பேருக்கும் மரியாதை."

இன்ஸ்பெக்டர் யோசித்தார். ஒலிப்பான்களைக் கேட்டார். கல்லூரி முதல்வருக்குத் தொலைபேசியில் பேசினார். முதல்வர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: மேலே மாணவர்கள் எழுதுகிறார்கள், கீழே ஒரு சத்தம் கேட்டாலும் எல்லாரும் வெளியே. நாற்பது பெண்களும் வாயைத் திறக்கமாட்டோம் என்று உரக்கக் கத்திச் சத்தியம் செய்தார்கள்.

வேனில் ஏறும்போது இன்ஸ்பெக்டர் என்னை நிறுத்தினார். "நீங்க யாரும்மா?"

"நான் புடவை எடுக்க வந்தவ. மலேசியா."

அவர் வானத்தைப் பார்த்தார். "ஏட்டம்மா, இவங்க அரெஸ்ட் இல்ல. சும்மா வராங்க. எழுதிக்காதீங்க," என்று பெண் ஏட்டிடம் சொன்னார்.

வேன் பறந்தது. நடுவில் ஒரு சாமி ஊர்வலம், பிறகு வீதியின் குறுக்கே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு புது ஜோடி. கன்னியம்மா ஜன்னலில் தலையை நீட்டி, "ஒத்திக்கோ ராசா, எங்க மெம்பருக்குப் பரீட்சை!" என்று கத்தினாள். கல்லூரி வாசலில் தவமணி குதித்து ஓடினாள். பின்னால் ஏட்டம்மா ஓடினார், கைதி தப்பக்கூடாதே. அதற்குப் பின்னால் நுழைவுச் சீட்டோடு நான் ஓடினேன். கதவைச் சாத்தப்போன காவலாளி போலீஸ் உடையைப் பார்த்துத் திறந்துவிட்டார்.

"அஞ்சு கேள்வி! அஞ்சும் எழுதணும்!" என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன். அவள் திரும்பவில்லை.

கலையரங்கத்தில் அந்த இரண்டரை மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். ரோட்டில் தொண்டை கிழியக் கோஷம் போட்டவர்கள் கைஜாடையில் பேசிக்கொண்டார்கள். யாரோ தும்மப்போக, பக்கத்தில் இருந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். ஏட்டம்மாவின் கைப்பேசி அலறியபோது நாற்பது பேரும் அவரைப் பார்த்த பார்வையில், அந்தம்மா அதை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு கேள்வியாக மனதுக்குள் மணி அடித்துக்கொண்டிருந்தேன். விடு தவமணி, இத்தாலியை விடு.

நண்பகலுக்கு மேல் தாசில்தார் வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பை. பின்னாலேயே கல்யாணச் சாப்பாடும் ஒரு பாத்திரத்தில் வந்தது, சாம்பார் சாதத்துக்குப் பதிலாக வடை பாயசத்தோடு. பேருந்துக் கழகத்தில் பேசிவிட்டாராம், திங்கட்கிழமை முதல் அந்த நிறுத்தத்தில் எல்லாப் பேருந்தும் நிற்கும், இதோ எழுத்தில் என்று கிசுகிசுப்பாகச் சொன்னார். முதல்வரின் நிபந்தனை அவருக்கும் சேர்த்துத்தான். பெண்கள் சத்தமில்லாமல் கை தட்டினார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு அப்பாடா என்றிருந்தது. "சரிம்மா, எல்லாரையும் விடுதலை பண்ணியாச்சு. வண்டி நிக்குது, கெளம்புங்க," என்றார் தாழ்ந்த குரலில்.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னாமா? அதான் உட்டுட்டனே?"

கன்னியம்மா மேலே கையைக் காட்டினாள். "மெம்பரு எழுதிக்கினு இருக்குது. முடியட்டும். அதுவரைக்கும் நாங்க அரெஸ்ட்டுதான்."

இன்ஸ்பெக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவரும் உட்கார்ந்தார். ஏட்டம்மா அவருக்கு ஒரு வடை கொடுத்தார்.

மணி அடித்தது. படிக்கட்டில் செருப்புச் சத்தம். தவமணி வாசலில் வந்து நின்றாள். விரலெல்லாம் மை, தலை கலைந்து, மூச்சு வாங்கியது.

"பஸ்ஸு நிக்குமா?" என்று கேட்டாள்.

"அத உடு. அஞ்சும் எழுதினியா?" என்றாள் கன்னியம்மா.

"எழுதினேன். அஞ்சும் எழுதினேன்."

நாற்பது பேரும் இரண்டரை மணி நேரமாக அடக்கி வைத்திருந்த குரலை ஒன்றாக விட்டார்கள். மாடியில் ஜன்னல்கள் திறந்தன. அந்தக் கூச்சலுக்கு நடுவே கன்னியம்மா கோணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொன்னாள்:

"இப்போ உட்டுடுபா எங்கள."